சேற்றில் சுழலும் சக்கரம்: டிஃப் லாக் தேவைதானா?

மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று மேட்டில் ஏறும்போது நின்றுவிடுகிறது. ஒரு பக்கத்துச் சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வேகமாகச் சுழல்கிறது. எதிர்ப்பக்கச் சக்கரமோ கெட்டியான தரையில் இருக்கிறது. ஆனால் அசையவே இல்லை. இன்ஜினில் பலம் இருக்கிறது. ஒரு பக்கத் தரையில் நல்ல பிடியும் இருக்கிறது. வண்டி மட்டும் நகரவில்லை.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் 'டிஃப் லாக்', அதாவது டிஃபரன்ஷியலைப் பூட்டும் கருவி. இப்போது விற்பனையாகும் பிக்கப் வண்டிகளில் சில வகைகளுக்கு மட்டும் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. இல்லாத வண்டிக்குப் பட்டறையில் பொருத்த வேண்டுமானால் சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும். அந்தப் பணத்துக்கு ஏற்ற பயன் உண்டா? "இது இருந்தால் எந்தக் காட்டுக்கும் போகலாம்" என்பவர்கள் ஒரு பக்கம். "இப்போதெல்லாம் கணினியே பார்த்துக்கொள்கிறது, இது வீண் செலவு" என்பவர்கள் மறுபக்கம்.

இரண்டு தரப்பும் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. மாணவர்களே, இதைத் தீர்மானிக்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் உராய்வும் முறுக்குவிசையும் போதும்.

வளைவுக்காகப் பிறந்த கருவி

முதலில், பூட்ட வேண்டிய அளவுக்கு டிஃபரன்ஷியல் என்ன தவறு செய்தது என்று பார்ப்போம். உண்மையில் அது ஒரு தவறும் செய்யவில்லை.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு முழு வட்டம் சுற்றினால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 2 × π × 1.5, அதாவது ஏறத்தாழ 9.4 மீட்டர் அதிகமாக ஓட வேண்டும். வட்டம் பெரியதானாலும் சிறியதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. வேண்டுமானால் தாளில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி வைத்தால், இந்த 9.4 மீட்டரை எந்தச் சக்கரமாவது தேய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். இதற்குத் தீர்வாக, கடிகாரத் தொழில் தெரிந்த பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர், 1827ஆம் ஆண்டில் நீராவி வண்டிக்காக டிஃபரன்ஷியலை வடிவமைத்தார். இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் லோரிகளிலும் அதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

இன்ஜினிலிருந்து வரும் தண்டு ஒரு கூட்டைச் சுழற்றுகிறது. அந்தக் கூட்டுக்குள் இருக்கும் சிறிய பற்சக்கரங்கள், வலது இடது அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கின்றன. இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேகம் வேறுபடலாம், முறுக்குவிசை வேறுபடாது. இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம பங்குதான். மேட்டில் நின்ற வண்டியின் சிக்கல் இந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது.

ஓர் அடிக்கோலும் இரண்டு நூலும்

நம்ப முடியவில்லை என்றால் மேசைமேல் செய்து பாருங்கள். ஓர் அடிக்கோலின் நடுவில் ஒரு நூலைக் கட்டுங்கள். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நூல் கட்டுங்கள். ஒரு முனை நூலைத் தடித்த பாடப்புத்தகத்தில் கட்டி, மறுமுனை நூலை ஒரு சிறிய அழிப்பானில் கட்டுங்கள். இப்போது நடு நூலை மெதுவாக இழுங்கள். அழிப்பான் மட்டும் ஓடி வரும். புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏன்? அடிக்கோல் தாராளமாகத் திரும்பக்கூடியது. ஆகவே இரண்டு நூல்களிலும் விசை சமமாகவே இருக்கும். அழிப்பான் சிறிய விசைக்கே நகர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அந்த நூலில் விசை ஏறாது. அங்கே ஏறாத விசை புத்தகத்தின் பக்கமும் ஏறாது.

இப்போது அடிக்கோல் திரும்பாதபடி இரு கைகளாலும் நேராகப் பிடித்து இழுங்கள். புத்தகமும் அழிப்பானும் சேர்ந்தே வரும். நீங்கள் செய்தது அடிக்கோலைப் 'பூட்டியது'. டிஃப் லாக் செய்வதும் இதுவே. அது ஓர் அச்சின் பற்சக்கரத்தைக் கூட்டோடு இணைத்துவிடுகிறது. உள்ளே எதுவும் தனியாகச் சுழல முடியாது. இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதுபோல் ஒரே வேகத்தில் சுழலும். சம பங்கு என்ற நிபந்தனை போய்விடும். எந்தச் சக்கரத்துக்குப் பிடி இருக்கிறதோ அது தன்னால் முடிந்த அளவு தள்ளும்.

கணக்கு என்ன சொல்கிறது?

2,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். கணக்கை எளிதாக்க, ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்றும் நான்கு சக்கரங்களும் சமமாகச் சுமக்கின்றன என்றும் கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 5,000 நியூட்டன் சுமை. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் கெட்டித் தரையில் உள்ளன. அங்கே உராய்வுக் குணகம் 0.6. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் வழுக்கும் சேற்றில், அங்கே 0.1. அப்படியானால் இடப்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றும் 3,000 நியூட்டன் வரை தள்ள முடியும். வலப்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றும் 500 நியூட்டன்தான் தள்ளும்.

பூட்டு இல்லாத டிஃபரன்ஷியலில், பலவீனமான சக்கரம் தரும் 500தான் இரண்டு பக்கத்துக்கும் எல்லை. முன்அச்சில் 1,000, பின்அச்சில் 1,000, மொத்தம் 2,000 நியூட்டன். வண்டி 5 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏறும் சரிவில் இருக்கிறது என்றால், புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 4,000 நியூட்டன். வண்டி ஏறாது. 'நான்கு சக்கர இயக்கம்' என்று பின்கதவில் எழுதியிருந்தாலும் ஏறாது.

பின்அச்சை மட்டும் பூட்டுங்கள். பின்பக்கம் 3,000 கூட்டல் 500, அதாவது 3,500. முன்அச்சின் 1,000 சேர்ந்தால் 4,500. இப்போது வண்டி ஏறுகிறது. இன்ஜினை மாற்றவில்லை, டயரை மாற்றவில்லை, ஒரு பொத்தானை அழுத்தியதுதான் வித்தியாசம்.

பள்ளமும் மேடுமான பாதையில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால் அதன் பிடி பூச்சியம். பூட்டு இல்லாவிட்டால் அடுத்த பின்சக்கரத்துக்குக் கிடைப்பதும் பூச்சியமே. அதே நேரத்தில் எதிர்மூலையில் உள்ள முன்சக்கரமும் எழும்பினால், நான்கு சக்கர இயக்க வண்டி இரண்டு சக்கரங்களைக் காற்றில் சுற்றிக்கொண்டு அப்படியே நிற்கும். பூட்டியிருந்தால், தரையில் இருக்கும் பின்சக்கரம் ஒன்றே வண்டியைத் தள்ளிக் கரையேற்ற வாய்ப்புண்டு.

பூட்டு எதை உண்டாக்காது?

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் எல்லா வண்டிக்கும் போட்டுவிடலாமே" என்று நினைக்கலாம். அதே கணக்கை இன்னொரு முறை போடுங்கள். இந்த முறை நான்கு சக்கரங்களும் ஒரே மாதிரியான வழுக்குச் சேற்றில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 0.1. பூட்டு இல்லாமல் 4 × 500, மொத்தம் 2,000. பூட்டினால்? அதே 2,000.

இந்த ஒரு விடையைத்தான் நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். டிஃப் லாக் பிடியை உண்டாக்குவதில்லை. எங்கோ ஒரு சக்கரத்தின் கீழ் வீணாகக் கிடக்கும் பிடியைப் பயன்படுத்திக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வீணாகக் கிடப்பது எதுவும் இல்லையென்றால் அதற்கு வேலையும் இல்லை.

பிடியை உண்டாக்குபவை வேறு. முதலாவது டயர். நம் நாட்டுச் செம்மண் களிமண் தன்மை உடையது. சாலை டயரின் குறுகிய பள்ளங்களை அது ஒரே நிமிடத்தில் மூடிவிடும். பிறகு டயர் வழுவழுப்பான உருளைபோல் ஆகிவிடும். அகலமான பள்ளங்கள் கொண்ட சேற்று டயர் சுழலும்போதே மண்ணை உதறிக்கொள்கிறது. இரண்டாவது காற்றழுத்தம். 35 பி.எஸ்.ஐ. இருந்த டயரை 20க்குக் குறைத்தால், தரையைத் தொடும் பகுதி நீள்கிறது; மென்மையான மண்ணில் புதைவது குறைகிறது. இதற்குக் காசு தேவையில்லை. ஆனால் தார்ச்சாலைக்கு ஏறுமுன் காற்றைத் திரும்ப நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டுவது ஆபத்து. இரண்டையும் கவனிக்காமல் டிஃப் லாக் வாங்குவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதுபோல்.

1997 முதல் நம் நாட்டில் நடந்துவரும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' பந்தயப் படங்களைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். மழைக்காலக் காட்டுச் சேற்றில் மூழ்கும் அந்த வண்டிகளைப் பல இடங்களில் வெளியே கொண்டுவருவது வின்ச். வண்டியின் முன்னால் உள்ள அந்தச் சுருளின் கயிற்றை மரத்தில் கட்டித் தன்னைத் தானே இழுத்துக்கொள்கிறது வண்டி. வின்ச் டயரின் பிடியை நம்பி இருப்பதில்லை. பிடியே இல்லாத இடத்தில் பூட்டு தோற்கும், வின்ச் வெல்லும்.

கணினி போதாதா?

இனி மறுதரப்புக்கு வருவோம். இன்றைய வண்டிகள் பலவற்றில், சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இதன் தத்துவம் அழகானது. நம் கணக்கில் வலப்பக்கப் பின்சக்கரம் 500 நியூட்டன்தான் தாங்கியது. பிரேக் அதன்மேல் இன்னும் 2,500 நியூட்டனுக்குச் சமமான தடையைப் போட்டால், டிஃபரன்ஷியலுக்கு அந்தப் பக்கம் 3,000 தாங்குவதுபோல் தோன்றும். சம பங்கு விதிப்படி இடப்பக்கத்துக்கும் 3,000 போகும். வண்டி நகரும். சுசுகி ஜிம்னி அச்சுப் பூட்டு இல்லாமல் இந்த முறையை நம்பியே வருகிறது. எடை குறைந்த வண்டி என்பதால் கரடுமுரடான பாதையிலும் அது நன்றாகவே சமாளிக்கிறது.

ஆகவே, ஆண்டுக்கு இரண்டு முறை அருவிக்கோ முகாமுக்கோ போகும் குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கணக்கை மறுபடி பாருங்கள். பயனுள்ள 3,500 நியூட்டனைப் பெற இன்ஜின் 6,000 நியூட்டனுக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. மீதி பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. நீண்ட ஏற்றத்தில், முழுச் சுமையோடு, நாள்தோறும் இப்படி ஓடினால் பிரேக் சூடேறும், தேயும். இன்னொன்று, சக்கரம் வழுக்கிய பிறகுதான் கணினிக்குத் தெரியும். பூட்டை ஓட்டுநர் வழுக்கும் இடத்துக்கு வருமுன்னே போட்டுக்கொள்ளலாம். வேகமெடுத்து மோதி ஏறாமல், நடை வேகத்தில் ஊர்ந்து ஏறலாம். சக்கரம் வீணாகச் சுழலாததால் பாதையும் அதிகம் தோண்டப்படாது. அடுத்து வரும் வண்டிக்கும் மழைநீர் வடியும் மண்ணுக்கும் அது நல்லது.

பூட்டைத் திறக்க மறந்தால்

பயனைச் சொன்ன நான் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பூட்டிய அச்சோடு தார்ச்சாலையில் திரும்பினால், முன்பு பார்த்த வித்தியாசத்தை டயர்கள் தேய்த்தே தீர்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வேகத்தில் இது விபத்தில் முடியலாம். ஒரே சக்கரத்துக்குப் பிடி இருக்கும்போது முழு முறுக்குவிசையும் ஒரே அச்சுத்தண்டில் இறங்குவதால், முரட்டுத்தனமாக அழுத்தினால் தண்டு முறியவும் கூடும்.

பக்கவாட்டுச் சரிவில் இன்னொரு சிக்கல். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சுழலாமல் தரையைப் பற்றி, வண்டி பக்கவாட்டில் சறுக்காமல் காக்கிறது. பூட்டிய அச்சில் இரண்டும் ஒன்றாக வழுக்கினால், வண்டியின் பின்பகுதி பள்ளத்தை நோக்கிச் சறுக்கும். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பாதாளமும் உள்ள பாதையில் இதை மறக்கவே கூடாது.

அதனால்தான், தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையைவிட, ஓட்டுநர் பொத்தானை அழுத்திப் பூட்டவும் திறக்கவும் கூடிய வகையை நான் ஆதரிக்கிறேன். முன்அச்சுக்கும் பூட்டு தேவையா என்றால், பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பேன். மேலே ஏறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, பிடியும் அங்கேதான் அதிகம். முன்அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் கனத்துவிடும், திரும்புவதும் கடினமாகும். மெர்சிடிஸ் ஜி வகை வண்டியில் மூன்று பூட்டுகள் உண்டு என்பது பெருமையாகப் பேசப்படும் செய்தி. தோட்ட வேலைக்குப் போகும் வண்டிக்குப் பின்னால் ஒன்று இருந்தால் போதும்.

யாருக்குத் தேவை?

கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். சரவாக்கின் உட்பகுதியில், வெட்டுமரப் பாதைகள் வழியாகப் பல மணி நேரம் பயணம் செய்து ஊர் போய்ச் சேரும் மக்களை எண்ணிப் பாருங்கள். தீபகற்பத்தின் மலைக்காடுகளில் ஓராங் அஸ்லி கிராமங்கள் சிலவற்றுக்கு இந்த வண்டிகளே பள்ளிப் பேருந்து, இவையே அவசர வண்டி. அங்கே வண்டி மேட்டில் நின்றுவிட்டால் படம் எடுத்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையோ பிரசவ வலியில் இருக்கும் தாயோ உள்ளே இருக்கலாம். அவர்களுக்காக வண்டி வாங்கும் அரசுத் துறையோ தோட்ட நிர்வாகமோ, விலையைக் குறைக்கப் பின்அச்சுப் பூட்டு இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால், அது தவறான இடத்தில் பார்க்கும் சிக்கனம்.

மாறாக, தாமானில் இருந்து தார்ச்சாலையில் வேலைக்குப் போய், பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்கு, அந்தப் பொத்தான் ஓர் அலங்காரம். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால், தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமலும் போகலாம். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்கினால், மழையில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் அது உயிரைக் காக்கும்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ பிக்கப் வாங்க யோசித்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் மண்பாதையில் ஓடும்? அந்தப் பாதை ஒரே மாதிரி சேறா, அல்லது ஒரு பக்கம் கெட்டியும் ஒரு பக்கம் பள்ளமுமா? டயருக்கும் காற்றழுத்தத்துக்கும் முதலில் கணக்குப் பார்த்தாயிற்றா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை விற்பனையாளர் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கோலையும் அழிப்பானையும் வைத்து நீங்களே அவருக்கு விளக்கிக் காட்டலாம்.